ஊர்த் தேநீர்க் கடையில் நமக்குரிய இடம்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இக்கழகம் 25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்குத் தோள் கொடுத்து வருகிறது. அதன் பயனாகப் படித்து, வேலை பெற்று, சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர்கள் பலர் இவ்விழாவுக்காக ஊர் திரும்பியிருக்கின்றனர். "ஊரை விட்டுச் சென்றவர்கள் திரும்பி வருகையில்" என்ற பொருளில் பேசுமாறு எங்களைப் பணித்துள்ளீர்கள். அப்பெரும் பொருளில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அது தேநீர்க் கடை; உணவு விடுதி.

வெளியூர் சென்றவன் திரும்பி வந்ததும் முதலில் தேடுவது தான் உண்ட கடையைத்தான். அந்தக் கடை இருக்கிறதா, அந்த வடைக்கு அதே சுவை உண்டா என்று தேடிப் பார்ப்பது மனித இயல்பு. இதைப் பற்றிப் பலர் பத்திரிகைகளில் சுவைபட எழுதுகின்றனர். நாங்களும் படிக்கிறோம்; மகிழ்கிறோம். ஆயினும் எங்கள் தலைமுறையினர் பிறந்த ஊர்க் கடையை நினைக்கும்போது வடையின் சுவைக்கு முன்னே வேறொன்று நினைவுக்கு வந்து நிற்கிறது. தேநீரை எதில் ஊற்றினார்கள், நம்மை எங்கே நிறுத்தினார்கள் என்பதே அது.

1960-களில் நாங்கள் பள்ளிச் சிறுவர்களாய் இருந்தபோது செங்கற்பட்டைச் சுற்றிய சிற்றூர்க் கடைகளில் கண்டதை இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பாய்லருக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குவளைகள் வரிசையாக இருக்கும். கூரைக் கழியில் அலுமினியக் குவளைகள் சில தொங்கும். சில கடைகளில் கொட்டாங்குச்சியே குவளை. தொங்குவதை நாமே எடுத்துக் கழுவி, கீழே வைத்து விலகி நிற்க வேண்டும். கடைக்காரர் மேலிருந்து ஊற்றுவார். குந்தியிருந்து குடித்துவிட்டு, மீண்டும் கழுவி, தொங்கவிட வேண்டும். காசைக் கையில் கொடுக்கலாகாது. பலகையின்மேல் வைக்க வேண்டும். பெஞ்சு என்பது பார்ப்பதற்கு மட்டும். ஆனால் விலையில் வேறுபாடு இருந்ததா? இல்லை. காசு ஒன்றே, குவளைதான் இரண்டு!

இது மாவட்டம் அறியாத புதுமையன்று. இதை எதிர்த்து எழுந்த குரல்களும் இம்மண்ணிலிருந்தே எழுந்தன. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் 1893-இல் "பறையன்" என்ற பெயரிலேயே இதழ் தொடங்கியவர். 1900-இல் நாட்டை விட்டுச் சென்று, தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்து, 1921-இல் திரும்பினார். திரும்பியவர் ஓய்ந்திருக்கவில்லை. 1923-இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். மறு ஆண்டு, 1924 ஆகஸ்டில், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்டோர்க்குத் தடையிருத்தலாகாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார்.

1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு இதே செங்கற்பட்டில் கூடிற்று. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாமென அங்கே தீர்மானித்தார்கள். 1938-இல், பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவின் முயற்சியால், சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. இரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் வழக்கம் 1941-இல் நீக்கப்பட்டது.

1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அமைந்த குழு வரைந்த சட்டம் அது. நாட்டின் எல்லைகளையும் நாடாளுமன்றத்தையும் நீதிமன்றங்களையும் பேசும் அப்பெருநூலில், 15-ஆவது பிரிவில், கடைகளும் பொது உணவகங்களும் விடுதிகளும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. சாதியைக் காரணமாகக் கொண்டு அங்கே எவரையும் தடுத்தலாகாது என்கிறது அப்பிரிவு. தேநீர்க் கடையின் பெஞ்சு அரசியல் சட்டத்தில் இடம்பெற வேண்டிய அளவுக்குப் பெரிய பொருளா என்று எவரேனும் வினவினால், கூரையில் தொங்கிய அலுமினியக் குவளையே விடை கூறும்.

இனி, ஊரை விட்டுச் சென்ற கதைக்கு வருவோம். எங்களில் பலர் பிறரோடு சமமாக அமர்ந்து முதன்முதல் உண்டது சொந்த ஊரில் அன்று, நகரத்தில். செங்கற்பட்டு நகருக்கு நீதிமன்றத்துக்கோ மருத்துவமனைக்கோ வந்தபோது சிலர்க்கு அது வாய்த்தது. சென்னைக்கு வேலை தேடிச் சென்றபோது பலர்க்கு வாய்த்தது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டப்பட்ட காலத்தில் வேலைக்குச் சென்ற எங்கள் உறவினர் சிலர்க்கு அங்குள்ள கடைகளில் வாய்த்தது. மேசைமுன் அமர்ந்தோம், இலை போட்டார்கள், "இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றட்டுமா?" என்று கேட்டார்கள். அந்த ஒரு சொல்லில் எங்கள் கண் கலங்கியதை இன்று சொல்வதில் நாணமில்லை.

எனினும் அச்சமத்துவம் எதனால் கிடைத்தது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பரிமாறியவருக்கு நாம் எந்தத் தெரு என்று தெரியாது, அதனால் கிடைத்தது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை நாம் அறியோம். இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் படித்த நாளில், தம் இருப்பிடமும் சாதியும் பிற மாணவர்க்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் அவர்களோடு கலவாமல் ஒதுங்கியிருந்ததைக் குறித்துள்ளார். நகரத்து மேசையில் அமர்ந்த நம்மவர் எத்தனை பேர் அதே அச்சத்தோடு சோறு பிசைந்தனர்! "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் மாவட்டத்தின் பெயரைச் சொல்வோம், "ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொள்வோம். ஆள் தெரியாததால் கிடைக்கும் மரியாதை நல்லதுதான். அது மூச்சு விட இடம் தருகிறது. ஆள் தெரிந்த பின்னும் நிலைத்து நிற்கும் மரியாதையே உரிமை எனப்படும்.

ஆகவேதான் ஊர்த் தேநீர்க் கடை நமக்கு முக்கியமாகிறது. உலகிலேயே நாம் யார் என்பதை முழுதும் அறிந்த கடை அது ஒன்றே. அங்கே பெயரை மறைக்க முடியாது. தெருவை மறைக்க முடியாது. நம் பாட்டன் எங்கே குந்தியிருந்தான் என்பது கடைக்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

இன்று நாங்கள் திரும்பி வருகிறோம். 2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. நெடுஞ்சாலை அகன்றுள்ளது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் குளிரூட்டிய உணவகங்கள் வரிசையாக நிற்கின்றன. ஊர்க் கடையிலும் கூரை போய்க் கான்கிரீட்டுத் தளம் வந்துவிட்டது. காரை நிறுத்தி இறங்கினால் "வாங்க சார்" என்கிறார்கள். பெஞ்சைத் துடைத்து அமரச் சொல்கிறார்கள். நல்ல மாற்றம்; அதைக் குறைத்துப் பேச மாட்டோம். அந்த மாற்றத்துக்காக அடிபட்டவர்களும் வழக்கில் அலைந்தவர்களும் நம் பெற்றோரே.

ஆனால் அண்மையில் ஒரு சிற்றூர்க் கடையில் நாங்கள் அமர்ந்திருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது. அந்நேரம் எங்கள் தெருவைச் சேர்ந்த முதியவள் ஒருத்தி வந்தாள். நூறு நாள் வேலையிலிருந்து திரும்புகிறவள். எங்களுக்கு அத்தை முறை. அவள் பெஞ்சின் பக்கம் வரவில்லை. சாலையோரம் நின்றாள். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. காகிதக் குவளையொன்று அவள் கைக்குப் போயிற்று. பெஞ்சில் இருந்த ஏனையோர் கையிலெல்லாம் கண்ணாடி. "அத்தை, இங்கே வந்து உட்கார்" என்றோம். "நான் இப்படியே குடிச்சிக்கிறேன்பா. நீ ரெண்டு நாள்ல போயிடுவ" என்றாள்.

தோழர்களே, "நீ இரண்டு நாளில் போய்விடுவாய்" என்ற அச்சொல்லே இன்றைய எங்கள் பேச்சின் மையம். எங்களுக்குக் கிடைத்த கண்ணாடிக் குவளை எங்கள் சட்டைக்கும் காருக்கும் கிடைத்தது. அத்தைக்குக் கிடைத்த காகிதக் குவளை அவள் பிறந்த தெருவுக்குக் கிடைத்தது. ஓர் ஊரில் தீண்டாமை ஒழிந்ததா என்பதை அறியத் திரும்பி வந்தவனுக்கு நேர்ந்ததைப் பார்த்துப் பயனில்லை. ஊரை விட்டே போகாதவளுக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். அதுவே சரியான அளவுகோல்.

காகிதக் குவளையைப் பற்றி ஒரு சொல். கொட்டாங்குச்சி பார்த்தவுடன் தெரிந்தது. தனி அலுமினியக் குவளையும் தெரிந்தது. அதைப் படமெடுத்துக் காட்டலாம், வழக்குத் தொடுக்கலாம். தூக்கி எறியும் குவளை வந்தபின் சான்றும் குப்பையோடு போய்விடுகிறது. 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. பிளாஸ்டிக் குவளையும் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையும் அப்பட்டியலில் உண்டு. அது சுற்றுச்சூழலுக்காக வந்த தடை. நமக்கு அதனினும் எளிய கணக்கு ஒன்றுண்டு. கடையில் எல்லார்க்கும் காகிதம் என்றால் அது தூய்மைப் பழக்கம். எல்லார்க்கும் கண்ணாடி என்றால் அதுவும் நன்று. சிலர்க்குக் கண்ணாடி, சிலர்க்குக் காகிதம் என்று தெருவைப் பார்த்துப் பிரித்தால் அது பழைய இரட்டைக் குவளையே.

கடற்கரைப் பக்கம் செல்வோம். மாமல்லபுரத்துச் சிற்பங்கள் 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தன. அங்கே ஒத்தவாடைத் தெருவில் எந்த நாட்டவரும் எந்த நிறத்தவரும் அமர்ந்து மீன் உண்கின்றனர். எவரும் குலம் கேட்பதில்லை. அதே மாமல்லபுரத்தில் 2021 அக்டோபரில் என்ன நடந்தது? தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தங்களை அமரவிடாமல் அனுப்பிவிட்டதாக, பூஞ்சேரியில் வாழும் நரிக்குறவர் சமூகத்துப் பெண்ணொருவர், கைக்குழந்தையோடு நின்று சினந்து பேசிய காட்சி நாடெங்கும் பரவிற்று. அம்மாத இறுதியில் அறநிலையத் துறை அமைச்சர் சேகர்பாபு அக்கோயிலுக்குச் சென்று அவரோடு வரிசையில் அமர்ந்து உண்டார். நவம்பர் 4 அன்று, தீபாவளி நாளில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கே சென்று, அங்குள்ள நரிக்குறவர்க்கும் இருளர்க்கும் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார்.

இதில் நாம் கற்க வேண்டியவை இரண்டு. அமைச்சர் வந்து அமர்ந்தது பெருமைக்குரியது. ஆயினும் அமைச்சர் வாராத நாளில் அப்பந்தியில் இடம் உண்டா என்பதே நாள்தோறும் எழும் கேள்வி. மற்றொன்று, அந்தப் பெண்மணி ஊரை விட்டுப் போய்த் திரும்பியவர் அல்லர். பட்டம் பெற்றவரும் அல்லர். அங்கேயே மணி மாலை விற்று வாழும் மக்களில் ஒருவர். அவர் பேசினார், அரசு எழுந்து வந்தது. படித்துவிட்டு வந்து நாம்தான் வழிகாட்ட வேண்டும் என்று எண்ணுவோர் இதை நினைவில் வைத்தல் நலம்.

கடல் கடந்தும் இதே பாடம் உண்டு. அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் 1960 பிப்ரவரி 1 அன்று கறுப்பின மாணவர் நால்வர் வுல்வொர்த் என்னும் பெருங்கடைக்குச் சென்றனர். அக்கடையில் அவர்கள் வேறு பொருள்களை வாங்கியபோது காசை வாங்கிக்கொண்டார்கள். சிற்றுண்டிப் பலகைமுன் அமர்ந்து காப்பி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். நால்வரும் எழவில்லை. மறுநாள் மேலும் பலர் வந்தனர். போராட்டம் நகரந்தோறும் பரவிற்று. அவ்வாண்டு சூலை 25-இல் அப்பலகை திறந்துவிடப்பட்டது. முதலில் அங்கே அமர்ந்து உண்டவர்கள் யார் தெரியுமா? அக்கடையிலேயே வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள்! அத்தனை நாளும் பிறர்க்கு உணவாக்கிக் கொடுத்தும் அங்கே அமர முடியாதவர்கள். படித்தவர்கள் தொடங்கிய போராட்டத்தின் முதற்பயன் அங்கேயே உழைத்தவர்க்குக் கிடைத்தது. இதுவன்றோ முறை!

இளைஞர்களே, செய்ய வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, ஊருக்கு வந்தால் தனியே போய்க் கடையில் அமராதீர்கள். தாயை அழைத்துச் செல்லுங்கள். சித்தப்பாவை அழைத்துச் செல்லுங்கள். வயலிலிருந்து வரும் அத்தையை அழைத்துச் செல்லுங்கள். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அன்புதான். ஆனால் பெஞ்சில் பக்கத்தில் அமர்த்தி ஒரு வேளை உண்ணச் செய்வது அதனினும் பெரிய அன்பு. முதல் நாள் அவர்கள் கூசுவார்கள். வற்புறுத்தி இழுக்காதீர்கள், பக்கத்தில் நின்று நீங்களும் குடியுங்கள். அடுத்த முறை ஒருவேளை அமர்வார்கள்.

இரண்டாவது, பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். குந்தியிருந்து குடிக்கும் பழக்கத்தைக் காணாத பிள்ளை அதைக் கற்காது. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவுத் திட்டமும் பசியை மட்டும் தீர்க்கவில்லை. எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் அமர்த்தின. பள்ளியில் கற்ற அவ்வரிசை தேநீர்க் கடைவரை வந்து சேர வேண்டும்.

மூன்றாவது, சட்டத்தை அறிந்திருங்கள். 1955-இல் இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976-இல் வலுப்படுத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. உணவகத்தில் நுழைவதைத் தடுத்தலும், பொதுமக்களுக்காக அங்கே வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தலும் அதன் 4-ஆவது பிரிவின்படி குற்றம். பிறர்க்கு விற்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே முறையில் நமக்கு விற்க மறுத்தல் 6-ஆவது பிரிவின்படி குற்றம். ஒரு மாதத்துக்குக் குறையாத, ஆறு மாதத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. 6-ஆவது பிரிவில் தண்டிக்கப்பட்டவரின் தொழில் உரிமத்தை நீக்கவோ நிறுத்திவைக்கவோ நீதிமன்றம் ஆணையிடலாம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராயின், அச்செயல் தீண்டாமை காரணமாகவே நிகழ்ந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு. அன்றென மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பின்மேல் விழுகிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொது இடத்தில் பொதுப் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதையும் வன்கொடுமையாகச் சேர்த்துள்ளது. அதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறை. கைகலப்பில் இறங்காதீர்கள். நாள், நேரம், இடம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அமைதியாக எழுதிய ஒரு பக்கம், ஆத்திரத்தில் வீசிய நூறு கற்களைவிட வலிது.

நான்காவது, வழக்கு தொடுத்துவிட்டு மறுநாள் பேருந்தேறிப் போய்விடாதீர்கள். விளைவைத் தாங்க வேண்டியவர்கள் இங்கே இருப்பவர்கள். அத்தை சொன்னதன் பொருள் அதுவே. அவர்களைக் கலந்து, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் முன்னே நிற்க நாம் பின்னே நின்று செய்ய வேண்டும். ஊருக்கு வர இயலாத நாளிலும் கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் மறுமொழி தர வேண்டும். வழக்குச் செலவில் பங்கேற்க வேண்டும். கழகம் இதற்கென ஒரு சிறு குழுவை அமைக்குமாயின் நாங்கள் முதலில் பெயர் தருவோம்.

ஐந்தாவது, நம் பெண்கள் நடத்தும் கடைகளை ஆதரியுங்கள். நம் தெருவில் ஒரு சகோதரி இட்டலிக் கடை வைத்தால் அங்கே நம்மவர் மட்டும் உண்டால் போதாது. உங்களோடு பணிபுரியும் நண்பர்களை, அவர்கள் எச்சமூகத்தவராயினும், அங்கே அழைத்து வாருங்கள். நாம் அவர்கள் கடையில் அமர்வது பாதி வழி. அவர்கள் நம் கடையில் அமர்வதே மறுபாதி.

பெரியோர்களே! இரட்டைமலை சீனிவாசன் இருபது ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தார். அங்கே அவர்க்கு வேலை இருந்தது, வருவாய் இருந்தது. திரும்பி வந்தபோது, பழைய தெருவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போயிருக்கலாம். அவரோ அத்தெருவில் ஊரில் இருப்பவர் நடப்பதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ஊரை விட்டுச் சென்றவன் திரும்பி வருவதற்குரிய முறையை நூறாண்டுகளுக்கு முன்பே இம்மாவட்டத்தில் பிறந்த ஒருவர் காட்டிச் சென்றிருக்கிறார்.

கல்வி நமக்கு வெளியூர் செல்லும் சீட்டாக அமைந்தது. அதில் தவறில்லை, பசித்தவன் சோறு உள்ள இடம் நோக்கிச் செல்வான். ஆனால் அக்கல்வி, செல்லாமல் இங்கேயே இருப்பவர்க்கும் ஓர் இருக்கையைப் பெற்றுத் தர வேண்டும். இக்கழகத்தின் அடுத்த 25 ஆண்டுகளில் நம் பிள்ளைகள் எத்தனை பட்டங்கள் பெற்றார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அத்தோடு, நூறு நாள் வேலை முடிந்து வரும் தாய், எவரும் அழைக்காமலே, எவர் முகத்தையும் பாராமலே, ஊர்க் கடையின் பெஞ்சில் அமர்ந்து, "ஒரு டீ போடுப்பா" என்று சொல்லும் கடைகள் எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணும் சேர்ந்து வளரட்டும்.